ஊசியில் கோத்த சீட்டை நம்பலாமா? பட்டாம்பூச்சி மாதிரிகளைப் பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி. விலங்கியல் ஆய்வகத்தின் பழைய பூச்சிப் பெட்டிகளை ஒழுங்குபடுத்தித் தரச் சொல்லி அழைத்திருந்தார்கள். தேக்குமரப் பெட்டியின் கண்ணாடி மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாடை மூக்கைத் துளைத்தது. மூன்றாம் வரிசையில் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி ஒன்று. அதன் கீழே ஊசியில் கோத்த சீட்டில் மைப் பேனாவால் எழுதியிருந்தது: குற்றாலம், திருநெல்வேலி ஜில்லா, 14.8.1964. தாள் பழுப்பேறியிருந்தது, கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. சந்தேகப்பட ஒன்றுமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

கைலென்ஸை வைத்துப் பார்த்தபோது சீட்டில் இரண்டு துளைகள் தெரிந்தன. ஒன்றைச் சுற்றித் துருக்கறை வளையமாகப் படிந்திருந்தது. அந்தத் துளையில் ஊசி இல்லை. ஊசி மற்றொரு துளை வழியாகப் போயிருந்தது. அது துருவே இல்லாமல் பளபளத்தது.

ஆய்வக உதவியாளரிடம் கேட்டேன். “அண்ணாச்சி, இந்தப் பூச்சியை இடையில் மாற்றினீர்களா?”

“ஆமாம் சார். பழையதைப் பெட்டிப்பூச்சி அரித்துத் தூளாக்கிவிட்டது. ஆய்வுக் குழு வருகிறது என்றார்கள். தோட்டத்தில் பிடித்த ஒன்றைக் குத்தி வைத்தோம். சீட்டு நன்றாகத்தான் இருந்தது, அதை ஏன் வீணாக்க வேண்டும்?”

அவருக்கு யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. ஆனாலும் 1964 ஆகஸ்டில் குற்றாலத்தில் பறந்த ஓர் உயிரின் சாட்சியம் அழிந்து, அதன் இடத்தில் பொய்ச்சாட்சி ஏறி உட்கார்ந்துவிட்டது. முதலில் அங்கே இருந்தது வெந்தய வரியன்தானா என்பதைக்கூட இனி யாராலும் சொல்ல முடியாது.

பட்டாம்பூச்சி ஆர்வம் இப்போது நெல்லைச் சீமையில் நன்றாக வேர்விட்டிருக்கிறது. 2019இல் தமிழ் மறவன் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட பிறகு பள்ளிப் பிள்ளைகள்கூடப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். புதிதாக வருபவர்கள் பெயர்களைக் கற்றுக்கொள்ளும் அதே வேகத்தில் பொய்த் தகவலைக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில்: எதையும் வாங்காதீர்கள், பிடிக்காதீர்கள்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பட்டாம்பூச்சிக்கும் பொருந்தும். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அதன் அட்டவணைகளில் பட்டாம்பூச்சி இனங்கள் பல இருக்கின்றன. அட்டவணையில் உள்ள இனத்தைப் பிடிப்பதும் கொல்வதும் விற்பதும் குற்றம். களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் எந்த இனமாக இருந்தாலும், செத்துக் கிடக்கும் பூச்சியின் சிறகைக்கூட எடுத்து வரக் கூடாது. ஆராய்ச்சிக்காக என்றால் வனத்துறையின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். 2008இல் டார்ஜிலிங் பக்கம் சிங்கலீலா தேசியப் பூங்காவில் அனுமதியின்றிப் பூச்சி பிடித்த செக் நாட்டவர் இருவர் கைதாகித் தண்டனை பெற்றார்கள். படித்த பூச்சியியலாளர்களுக்கே விலக்குக் கிடைக்கவில்லை.

கண்ணாடிச் சட்டத்தில் அழகாக ஒட்டிய பட்டாம்பூச்சிகளை இணையத்தில் அன்பளிப்புப் பொருளாக விற்கிறார்கள். கேட்டால் “பண்ணையில் வளர்த்தது, இயற்கையாக இறந்தது” என்பார்கள். பண்ணை என்பது முழுப் பொய் அல்ல. பப்புவா நியூ கினியில் 1970களிலிருந்தே கிராமத்தார் பட்டாம்பூச்சி வளர்த்து அரசு நிறுவனம் வழியாக விற்கிறார்கள். அப்படி நேர்மையான பண்ணைகள் இருப்பதால்தான் காட்டில் திருடியவர்களும் அதே சொல்லின் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். எந்த நாடு, எந்தப் பண்ணை, ஏற்றுமதி அனுமதிச் சீட்டு எங்கே என்று கேளுங்கள். பதிலுக்குப் பதில் பேச்சுதான் வரும், காகிதம் வராது.

பணம் புரளும் அளவைச் சொன்னால்தான் ஆசையின் வலு புரியும். உலகின் மிகப் பெரிய பட்டாம்பூச்சியான குயின் அலெக்சாண்ட்ரா பேர்ட்விங்கை நாடு விட்டு நாடு வாங்கவோ விற்கவோ பன்னாட்டு ஒப்பந்தப்படி தடை உண்டு. அதன் ஒரு ஜோடியை 8,500 டாலருக்கு விற்ற ஜப்பானியர் ஒருவர் 2006இல் லாஸ் ஏஞ்சலிஸில் கைதானார். அடுத்த ஆண்டு 21 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். நம் மலையில் பறக்கும் சதர்ன் பேர்ட்விங்கும், ஆர்வலர்கள் பொன்னழகி என்பது இதைத்தான், அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதுவும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட காட்டில் பிடித்ததை “பாபநாசம்” என்று உண்மையாக எழுதினால் அந்தச் சீட்டே விற்றவனைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தடை இல்லாத வேறு ஊர்ப் பெயரை எழுதுகிறார்கள். சந்தையில் திரியும் பொய்ச் சீட்டுகளில் பெரும்பகுதி பிறப்பது இப்படித்தான் என்பது என் கணிப்பு.

வாங்காமல், பிடிக்காமல் இருந்தால் பொய் மாதிரிகளை எங்கே பார்ப்பது? கல்லூரிப் பெட்டிகளில், தாத்தா காலத்துச் சேகரிப்புகளில், மாணவர்கள் சமர்ப்பிக்கும் தொகுப்புகளில். சீனியரின் பெட்டியை வாங்கிச் சீட்டை மட்டும் மாற்றி மதிப்பெண் வாங்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று. கள்ளநோட்டுப் பார்க்கக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் புற ஊதா டார்ச் ஒன்று. ஒரு பென்சில், ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

சீட்டை முதலில் படியுங்கள், பூச்சியைப் பிறகு பாருங்கள்

பூச்சியின் அழகில் மயங்கிய பிறகு சீட்டில் உள்ள குறை கண்ணில் படாது. அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

நெல்லைச் சீமையின் வரலாறு தெரிந்தவருக்கு இங்கே பெரிய அனுகூலம் உண்டு. எல்லைகளும் பெயர்களும் இங்கே பலமுறை மாறியிருக்கின்றன. பொய் எழுதுபவர் அதில்தான் இடறி விழுவார். தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். “குற்றாலம், தென்காசி மாவட்டம், 1995” என்று ஒரு சீட்டு சொன்னால் அது 1995இல் எழுதப்பட்டது அல்ல. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல். அதுவும் 1997 வரை சிதம்பரனார் மாவட்டம் என்றே இருந்தது. நெல்லையும் சில காலம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று அழைக்கப்பட்டு, 1997இல் பழைய பெயருக்குத் திரும்பியது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை நம்மோடு இல்லை, திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. எனவே “செங்கோட்டை, திருநெல்வேலி ஜில்லா, 1938” என்பது நின்று யோசிக்க வேண்டிய சீட்டு. “செங்கோட்டை, திருவிதாங்கூர், 1938” என்பது சரியான சீட்டு.

மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று அதிகாரபூர்வமாக மாறியது 1969 ஜனவரியில். அஞ்சல் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டில். களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988இல் அமைந்தது. மணிமுத்தாறு அணை 1950களின் கடைசியில் கட்டப்பட்டது. “மணிமுத்தாறு அணை, 1949” என்று எவரேனும் எழுதியிருந்தால் அவர் நின்ற இடத்தில் அணையே இல்லை. ஜி.பி.எஸ். கருவி பொதுமக்களுக்குத் துல்லியமான இடம் காட்டத் தொடங்கியது 2000 மே மாதத்துக்குப் பிறகு. 1971ஆம் ஆண்டுச் சீட்டில் ஆறு தசம இடங்களோடு அட்சரேகை இருந்தால் அந்த எண்ணை யாரோ பின்னால் சேர்த்திருக்கிறார்கள்.

இவற்றை வைத்துக்கொண்டு உடனே “மோசடி” என்று கூவிவிடக் கூடாது. பழைய சீட்டு நைந்துபோனால் நல்ல பராமரிப்பாளர் புதுச் சீட்டில் நகலெடுப்பார். அப்போது இன்றைய மாவட்டப் பெயரை எழுதிவிடுவதும் உண்டு. நேர்மையான நகல், பழைய சீட்டையும் அதே ஊசியில் கீழே விட்டுவைத்திருக்கும், அல்லது நகல் என்று சொல்லியிருக்கும். வெறுமனே “திருநெல்வேலி” என்று மட்டும் எழுதிய வெள்ளையர் காலத்துச் சீட்டையும் பொய் என்று தள்ளாதீர்கள். அன்றைக்கு அந்தப் பெயருக்குள் கடற்கரைப் பக்கத்துச் செம்மணல் தேரியும் அடங்கியது, பொதிகை மலையும் அடங்கியது. அது துல்லியம் குறைந்த சீட்டு, அவ்வளவே.

பிறகு டார்ச்சை எடுங்கள். நல்ல ரூபாய் நோட்டின் தாள் புற ஊதா ஒளியில் மங்கலாக இருக்கும், கள்ளநோட்டின் சாதாரணத் தாள் நீலமாக ஒளிரும் என்பது கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும். வெண்மையூட்டும் ரசாயனம்தான் அப்படி ஒளிர்கிறது. அது தாள் தயாரிப்பில் பரவலாகச் சேர்ந்தது 1950களிலிருந்து. 1920 என்று தேதியிட்ட சீட்டு நீலமாகப் பளிச்சிட்டால், தேநீரில் நனைத்துப் பழுப்பேற்றிய புதுத்தாளாக இருக்கலாம். ஒளிராவிட்டால் பழையது என்று பொருள் கொள்ளாதீர்கள்; இன்றைக்கும் அந்த ரசாயனம் சேராத தாள்கள் உண்டு.

துளையும் ஊசியும்

இதைத்தான் பாளையங்கோட்டையில் பார்த்தேன். ஒரு சீட்டு ஓர் ஊசியில் ஒருமுறைதான் ஏற வேண்டும். இரண்டு துளைகள் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். துளையைச் சுற்றிய கறை ஊசியோடு பொருந்த வேண்டும். இரும்பு ஊசி துருவின் செம்பழுப்பைச் சீட்டில் விடும், பித்தளை ஊசி பச்சைக் களிம்பை விடும். கறை படிந்த சீட்டில் புது ஊசி இருந்தால், பூச்சியோ சீட்டோ இரண்டில் ஒன்று வேறிடத்திலிருந்து வந்திருக்கிறது. ஒரே பெட்டியில் பத்து ஆண்டு இடைவெளியில் பிடித்ததாகச் சொல்லும் முப்பது பூச்சிகளுக்கும் ஒரே மை, ஒரே தாள், ஒரே மூச்சில் எழுதிய கையெழுத்து என்றால் அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி பூச்சி

சாயம் பூசி ஏமாற்றுவது மிகப் பழைய வித்தை. 1702இல் வில்லியம் சார்ல்டன் என்பவர் லண்டனிலிருந்த பூச்சி அறிஞர் ஜேம்ஸ் பெட்டிவருக்கு ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சியை அனுப்பினார். சிறகில் கரும் திட்டுகளும் நீலப் பிறைகளும் இருந்தன. உயிரினங்களுக்கு முறையாகப் பெயரிடும் வழக்கத்தை நிறுவிய லின்னேயஸே அதைப் புது இனம் என்று நம்பி 1763இல் பாப்பிலியோ எக்ளிப்சிஸ் என்று பெயர் வைத்தார். 1793இல் ஃபாப்ரீசியஸ் என்ற பூச்சியியலாளர் கூர்ந்து பார்த்தபோதுதான், சாதாரண பிரிம்ஸ்டோன் பட்டாம்பூச்சியின் மேல் கையால் தீட்டிய புள்ளிகள் அவை என்று தெரிந்தது. தொண்ணூறு ஆண்டுகள் நின்ற பொய் அது.

சாயத்தைக் கண்டுபிடிக்கச் செதில்களைப் பாருங்கள். பட்டாம்பூச்சியின் சிறகு ஓடு வேய்ந்த கூரை மாதிரி. வரிசை வரிசையாகச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இயற்கையான நிறத்தில், நிறம் மாறும் எல்லையில்கூட ஒவ்வொரு செதிலும் தனித்தனி நிறத்தோடு நிற்கும். சாயம் பூசிய இடத்தில் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஓட்டின் மேல் சுண்ணாம்பு வழிந்ததுபோல எல்லை கலங்கிக் கிடக்கும்.

அடுத்தது ஒட்டு வேலை. உடைந்த உணர்கொம்புக்கு வேறு பூச்சியின் உணர்கொம்பை ஒட்டுவதும், அரித்துப்போன வயிற்றுக்குப் பதில் வேறு வயிற்றை வைப்பதும் சர்வ சாதாரணம். சொல்லிவிட்டுச் செய்தால் அது பழுதுபார்த்தல். சொல்லாமல் செய்தால், அந்த வயிற்றை வைத்து ஆணா பெண்ணா, எந்த இனம் என்று முடிவு செய்யும் ஆராய்ச்சியாளர் தவறான முடிவுக்குப் போவார். மார்பும் வயிறும் சேரும் இடத்தில் லென்ஸை வைத்துப் பாருங்கள். மயிர்கள் அங்கே படிந்து பளபளத்தால் அது பசை. பல பசைகள் புற ஊதா டார்ச்சில் ஒளிரும்.

ஒட்டு வேலையில் மிக அதிகப் பணம் பறிப்பது அர்த்தநாரி வகை. ஒரு பக்கம் ஆணாகவும் மறுபக்கம் பெண்ணாகவும் பிறக்கும் பட்டாம்பூச்சிகள் உண்மையிலேயே உண்டு, மிக அரிது. அரிது என்பதால் விலை. நம் தோட்டத்துக் கறிவேப்பிலை அழகியில் ஆண் ஒரு மாதிரி இருக்கும். பெண்ணில் ஒரு வகை, ரோஜா அழகி என்ற வேறு இனத்தைப் போலவே வேஷமிட்டிருக்கும். இரண்டின் சிறகுகளையும் ஓர் உடலில் ஒட்டினால் பார்ப்பவர் மலைத்துப்போவார். உண்மையான அர்த்தநாரியில் வேறுபாடு சிறகோடு நிற்காது. உடலிலும் இனப்பெருக்க உறுப்பிலும் நடுக்கோட்டின் இரு புறமும் தெரியும். சிறகு மட்டும் மாறி, உடல் முழுக்க ஒரே பாலாக இருந்தால் சிறகு மார்பில் சேரும் மூட்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இடமும் பருவமும் ஒத்துப்போகின்றனவா

இந்தப் படிக்குத்தான் உள்ளூர்க்காரரின் அனுபவம் தேவை, லென்ஸ் உதவாது. மலபார் ட்ரீ நிம்ஃப் என்ற பட்டாம்பூச்சி வெள்ளைத் தாளில் மை தெளித்ததுபோல இருக்கும். அடர்ந்த மழைக்காட்டின் நிழலில் காகிதம் மிதப்பதுபோல மெல்லப் பறக்கும். அதை “திசையன்விளை தேரி” என்று ஒரு சீட்டு சொன்னால், செம்மணல் காட்டில் அதற்கு என்ன வேலை என்று கேட்க வேண்டும். சிவப்பு உடல் கொண்ட அழகிகள் ஆடுதீண்டாப்பாளையையும் அதன் உறவுக் கொடிகளையும் நம்பி வாழ்பவை. கொடி இருக்கும் இடம் தெரிந்தால் பூச்சியின் இடமும் ஓரளவு தெரியும்.

பருவம் இன்னும் நுட்பமானது. மயில் வசீகரன் என்ற பட்டாம்பூச்சிக்கு இரண்டு வேஷம். மழைக்காலத்தில் சிறகின் அடிப்பக்கத்தில் கண்புள்ளிகள் தெளிவாக இருக்கும். வறண்ட காலத்தில் அடிப்பக்கம் சருகுபோல மாறி, சிறகின் ஓரமும் கோணலாகிவிடும். ஆனால் மழைக்காலம் எது? குற்றாலத்துக்குச் சாரல் ஜூனில் தொடங்குகிறது. பாளையங்கோட்டைக்கும் நாங்குநேரிக்கும் ஐப்பசி, கார்த்திகை வந்தால்தான் மழை. ஜூலை மாதச் சருகு வேஷம் நாங்குநேரிச் சீட்டில் இருந்தால் ஒப்புக்கொள்ளலாம். அருவிக்கரைச் சீட்டில் இருந்தால் யோசிக்கலாம். இது தீர்ப்பு அல்ல, ஒரு கேள்வி மட்டுமே. அப்படிப்பட்ட கேள்விகள் ஒரே மாதிரியில் மூன்று நான்கு சேர்ந்தால்தான் வாயைத் திறக்க வேண்டும்.

பொய்யான இடம் என்ன கேடு செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பட்டாம்பூச்சி அல்ல, ஆந்தை. காட்டுச் சிற்றாந்தை என்ற பறவை 1880களுக்குப் பிறகு காணாமல் போயிருந்தது. ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற புகழ்பெற்ற ராணுவ அதிகாரி, தான் 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் அதைச் சுட்டதாக ஒரு மாதிரியைக் காட்டினார். பமேலா ராஸ்முசன் என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, அது ஜேம்ஸ் டேவிட்சன் என்ற பழைய சேகரிப்பாளர் பாடம் செய்த பறவை என்பது உள்ளே பஞ்சு அடைத்த விதத்திலேயே தெரிந்தது. மைனர்ட்ஸ்ஹாகன் அதை அருங்காட்சியகத்திலிருந்து திருடி, மறுபடி அடைத்து, சீட்டை மாற்றியிருக்கிறார். குஜராத்தை விட்டுவிட்டு உண்மையான பழைய இடங்களில் தேடினார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் அந்த ஆந்தை உயிரோடு கிடைத்தது. அந்தப் பொய்யை நம்பிக்கொண்டே இருந்திருந்தால், இல்லாத ஊரில் தேடிவிட்டு அழிந்துபோனது என்று எழுதி முடித்திருப்பார்கள்.

படங்களிலும் இதே பொய்

இன்று பெரும்பாலோர் செல்பேசிப் படமாகத்தான் பதிவு செய்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துத் தென்மலையில் எடுத்ததைக் குற்றாலம் என்று போடுவது மலைக்கு இந்தப் பக்கம் “முதல் பதிவு” என்ற பெயர் வாங்குவதற்காக. அசல் கோப்பைக் கேளுங்கள். தேதியும் நேரமும் அதில் இருக்கும். பூவின் மேல் உட்கார்ந்திருக்கும் பூச்சியின் கால்கள் இதழைப் பற்றியிருக்கின்றனவா என்று பாருங்கள். குளிர்பெட்டியில் மயங்க வைத்து எடுத்த படத்தில் கால்கள் பற்றாது.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது

சீட்டைக் கழற்றாதீர்கள். பொய்ச் சீட்டும் ஒரு தடயம். அதன் தாளும் மையும் எழுத்தும் பிறகு யாருக்காவது பயன்படும். 1940களில் கோலின் வயட் என்பவர் ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பட்டாம்பூச்சிகளைத் திருடி, சீட்டுகளை மாற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிடிபட்டபின் அவை திரும்பி வந்தன. அருங்காட்சியகத்தார் ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒரு சீட்டைக் கோத்தார்கள்: இது 1946-47இல் வயட் திருட்டுச் சேகரிப்பின் வழியாக வந்தது என்று. அதுதான் முறை. இருப்பதை நீக்காமல், நீங்கள் கண்டதைத் தனிச் சீட்டில் தேதியும் பெயரும் போட்டுச் சேர்க்க வேண்டும். பெட்டிக்குப் பொறுப்பானவரிடம் முதலில் நேரில் சொல்லுங்கள். விற்பனை நடக்கிறது என்றால் வனத்துறைக்கோ, சென்னையில் மண்டல அலுவலகம் உள்ள வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்துக்கோ தெரிவியுங்கள். விற்பவரிடம் நீங்களே போய் விசாரணை நடத்த வேண்டாம்.

உங்கள் சொந்தப் பதிவுகளையும் முதல் நாளிலிருந்தே ஒழுங்காக எழுதுங்கள். மாதத்தை ரோமன் எண்ணில் குறித்தால் 7.8 என்பது ஜூலையா ஆகஸ்டா என்ற குழப்பம் வராது. நெல்லை ஏறத்தாழ வடக்கே 8.7, கிழக்கே 77.7, இரண்டையும் மாற்றி எழுதினால் உங்கள் பட்டாம்பூச்சி வடதுருவக் கடலில் போய் விழும். மாஞ்சோலை, காக்காச்சி போன்ற மலை இடங்களில் உயரத்தையும் குறியுங்கள். ஊர் நினைவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

பாளையங்கோட்டைப் பெட்டியில் அந்த வெந்தய வரியன் இன்னும் இருக்கிறது. 1964ஆம் ஆண்டுச் சீட்டும் அதன் இடத்திலேயே இருக்கிறது. அதன் கீழே அண்ணாச்சியைக் கேட்டுக் கேட்டு நான் எழுதிக் கோத்த சீட்டில் இப்படி இருக்கிறது: “மேலே உள்ள சீட்டு இந்தப் பூச்சிக்கு உரியது அல்ல. இந்தப் பூச்சி கல்லூரித் தோட்டத்தில் பிடிக்கப்பட்டது. ஆண்டு தெரியவில்லை. மூலப் பூச்சி அரிக்கப்பட்டு அழிந்தது. அதன் இனம் தெரியவில்லை.”